படகு வராத வயல்

எங்கள் மலையைப் போல ஒரு மலை உலகத்தில் கிடையாது என்று எட்டு வயதிலேயே நான் முடிவு கட்டியிருந்தேன். வேறு மலை எதையும் பார்த்ததில்லை என்பது அந்த முடிவுக்கு இடைஞ்சலாக இல்லை. சித்திரை வெயிலில் கீழே முள்ளுக்குறிச்சிக்காரர்கள் வெந்துகொண்டிருக்க, கொல்லிமலை எடப்புளி நாட்டில் நாங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காலைக் களியைத் தின்றோம். வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு கோடையைக் கழிக்க இந்த மலை தோதுப்படுமா என்று பார்க்க ஒரு துரை ஏறி வந்தபோது, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

துரையோடு அவர் மனைவி துரைசானியும், எங்கள் பேச்சை அவர்களுக்கும் அவர்கள் பேச்சை எங்களுக்கும் மாற்றிச் சொல்ல ஒரு குமாஸ்தாவும் வந்தார்கள். ஓடைக்குப் பக்கத்தில், எங்கள் வயலை ஒட்டிக் கூடாரம் அடித்தார்கள். சரிவிலெல்லாம் கேழ்வரகும் சாமையும்தான் விளையும். எங்கள் ஊரில் தண்ணீர் நின்று நெல் விளைகிற சமதளம் அந்த ஒரு வயல்தான். துரைக்கும் அதுதான் கண்ணில் பட்டது. ஓடையை மறித்தால் அங்கே தண்ணீர் தேக்கிப் படகு விடலாம், மேட்டில் பங்களாக்கள் கட்டலாம், குதிரை ஓட ஒரு பாதை, பந்து விளையாட ஒரு மைதானம் என்று குமாஸ்தா கையை நீட்டி நீட்டிச் சொன்னார். எங்கள் ஆட்கள் வெள்ளைத்துணி கட்டிய முளைகளை வயலில் அடித்துக் கொடுத்தார்கள். அப்பா ஊர்க்கவுண்டர், அவர்தான் ஆள் கொடுக்க வேண்டியிருந்தது.

வயல் போய்விடும் என்று எனக்கும் புரிந்தது. ஆனால் படகு வருமே. படகு எப்படி இருக்கும் என்று குமாஸ்தாவைக் கேட்டேன். உரல் மாதிரி குடைந்திருக்கும், உள்ளே உட்கார்ந்துகொண்டு போகலாம் என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மலையில் மண்ணுக்கா பஞ்சம், வேறு இடத்தில் நெல்லைப் போட்டுக்கொள்ளட்டும் என்று அப்பாவின் சார்பில் நானே தாராளமாக முடிவு செய்துவிட்டேன்.

துரைக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அடிவாரத்தில் எல்லோரும் இந்த மலையைப் பற்றி என்னவோ சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். மலைக்காரர்களே சொன்னால்தான் நம்புவேன் என்று ஊரைக் கூட்டி உட்கார வைத்தார். குமாஸ்தா அப்பாவைப் பார்த்து, "கவுண்டரே, தொரை ஒண்ணுதான் கேக்கறாரு. இங்க காய்ச்சல் உண்டா, இல்லியா?" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் அந்த வார்த்தையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, வந்து உட்கார்ந்துகொள்ளும். மழை ஓய்ந்த மாதங்களில் வீட்டுக்கு வீடு நடுங்கிக்கொண்டு படுப்பார்கள். பொழுது சாயுமுன் கதவைச் சாத்திப் புகை போடுவோம். என்ன வந்திருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை, ஒருவரும் சொல்வதில்லை. வயதான தைரியத்தில்தான் இப்போது நானே எழுதுகிறேன்.

குமாஸ்தா அதைக் கணீரென்று சொன்னதும் பெண்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். அப்பா ஓடையைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் வயல் தப்பிவிடும். அவர் வாய் இரண்டு முறை திறந்து மூடியது.

"எல்லாத்தையும் அம்மன் பாத்துக்குவாளுங்க" என்றார்.

அதை "இல்லை" என்று குமாஸ்தா துரைக்கு மாற்றிச் சொன்னார். துரையின் முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா வயலில் இறங்கி, இல்லாத களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அத்தை வரப்பில் போய் நின்றாள். அப்பாவின் தங்கை அவள். பெற்ற இரண்டையும் அடுத்தடுத்த மழைக்குப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருந்தாள். எதனால் போயின என்று எங்கள் வீட்டில் பேச்சே எழுந்ததில்லை. அவள் அப்பாவிடம், "நீங்க வாயத் தொறக்க வேண்டாமுங்கண்ணா. நான் பாத்துக்கறேன்" என்றாள். துரைசானி தன் சீமையில் ஆஸ்பத்திரி வேலை பார்த்தவர் என்று அவரை டோலியில் மலைக்குத் தூக்கி வந்தவர்களிடம் அவள் கேட்டு வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் என்னைக் கூடாரத்துக்கு இழுத்துப் போனாள். "வா கண்ணு, அம்மணி உன்னையத் தொட்டுப் பாக்கோணுமாம்" என்றாள். துரைசானி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை என் சட்டையைத் தூக்கினாள். அவர் கையைப் பிடித்து என் இடது விலாவுக்குக் கீழே வைத்தாள்.

அங்கே எனக்கு ஒரு கட்டி இருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் உண்டு. மூக்கு, காது மாதிரி அதுவும் உடம்பில் ஒன்று என்றே நினைத்திருந்தோம். அந்த நடுக்கம் வந்து வந்து வீங்கிப்போன மண்ணீரல் அது என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. யாருடையது பெரியது என்று தொட்டுப் பார்த்துப் பந்தயம் கட்டுவோம். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். அதனால் வயிற்றை நன்றாகவே முன்னால் தள்ளிக் கொடுத்தேன்.

துரைசானியின் விரல்கள் முதலில் சும்மா இருந்தன. பிறகு மெல்ல அழுத்தின. கட்டியின் விளிம்போடு தொப்புள்வரை போய்த் திரும்பின. எனக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அத்தை வெளியே நின்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். கடைசிப் பிள்ளையைத் தொட்டபோது அவர் நாற்காலியை விட்டு மண்ணில் மண்டியிட்டிருந்தார்.

குமாஸ்தா என்ன விஷயம் என்று அத்தையை அதட்டினார். "நாங்க ஒண்ணும் சொல்லலீங்க" என்றாள் அத்தை. "அம்மணி கை சொல்லட்டுமுங்க."

மறுநாள் விடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டினார்கள். துரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. துரைசானி என் தலையில் கை வைத்து என்னவோ சொன்னார். அவசரத்தில் குமாஸ்தா அதை மாற்றிச் சொல்லவில்லை. அப்பா முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடுப்புக்குக் கொண்டுவந்தார். சந்தோஷத்தில் அன்று அவர் குரல் அடுத்த ஊர்வரை கேட்டது. பிறகு ஒரு துரையும் பங்களா கட்ட எங்கள் ஊருக்கு ஏறவில்லை. இன்றும் அந்த வயலில் எங்கள் நெல்தான் விளைகிறது. அதைக் காப்பாற்றியது என் வயிறு என்று பேரன் பேத்திகளிடம் நான் பெருமை அடித்துக்கொள்வதுண்டு.

அன்றைக்கு அந்தப் பெருமை தெரியவில்லை. கூடாரத்தில் சிரித்துத் தொலைத்ததால்தான் படகு வராமல் போயிற்று என்று அழுதுகொண்டே படுத்தேன். "வயலு நம்மகிட்டயே இருக்குதில்ல சாமி, தூங்கு" என்றாள் அத்தை. அவள் கை என் இடது விலாவுக்குக் கீழே வந்து, அந்தக் கட்டியின் விளிம்பைத் தேடித் தேடித் தடவியது. அது எதுவரை வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறாள் என எனக்கு எப்படித் தெரியும்? கூசுகிறது, கையை எடு என்றேன். அவள் எடுக்கவில்லை.