சிரித்தால் விழும் மகள்

சலூன்காரருக்கு வாய் சும்மா இருக்காது. கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருப்பவர்கள், "முதல்ல கத்தியை எடுங்க, அப்புறம் சொல்லுங்க" என்று கெஞ்சுவார்கள். வீட்டில் அவருடைய ஒரே ரசிகை மகள்தான்.

ஒன்பது வயதில் ஒருநாள், அப்பா சொன்ன ஜோக்குக்குச் சிரித்தவள் முழங்கால் துவண்டு அப்படியே தரையில் சரிந்தாள். நடிக்கிறாள் என்று அவரும் சேர்ந்து சிரித்தார். மறுவாரமும் விழுந்தாள். "போதும்டி நாடகம்" என்று தூக்கினால், உதடு கிழிந்து ரத்தம்.

பிறகு படி இறங்கத் தடுமாறினாள். கண்ணைக் கீழே தாழ்த்த வரவில்லை. தெரிந்த வாய்ப்பாடு மறந்தது. நாலு மருத்துவமனை ஏறி இறங்கி, இரண்டு வருடம் கழித்துத்தான் ஒரு டாக்டரம்மா விளக்கினார்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சின்னச் சின்னப் பைகள் இருக்கு. உள்ளே வர்ற கொழுப்பை அங்கதான் பிரிக்கும். அதை வெளியே அனுப்ப, பையோட சுவர்ல ஒரு புரதம் இருக்கணும். இவளுக்கு அது வேலை செய்யலை. கொழுப்பு உள்ளேயே தேங்குது. வெளியே வராததால, போதும்ங்கிற தகவலும் செல்லுக்குப் போகலை. கொழுப்பு பத்தலைன்னு நினைச்சு இன்னும் இன்னும் தயாரிக்குது."

"சிரிச்சா ஏன் விழறா?"

"மூளையிலயும் அதே தேக்கம். சிரிக்கும்போது தசை பிடியை விட்டுடுது. மருந்து வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது."

அன்றிலிருந்து வீட்டில் அவர் வாயே திறப்பதில்லை.

"அப்பா, என் மேல கோபமா?" என்று ஒரு மதியம் மகள் கேட்டாள். "ஏன் பேசவே மாட்டேங்கிற?"

அவர் கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்து, அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். "இன்னைக்கு ஒரு வழுக்கைத் தலைக்காரர் வந்து, நடு வகிடு எடுங்கன்னார். வகிடு ரெடியா இருக்கு, ரெண்டு பக்கமும் முடிக்கு மட்டும் ஏற்பாடு பண்ணுங்கன்னேன்."

சிரித்தாள். சிரித்து, அவர் கைக்குள்ளேயே துவண்டாள். அதன்பின் தினமும் மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து ஒன்று சொல்வார்.

பதினாலில் அவளுக்குப் பேச்சு போனது. பதினாறில் நடை. அவளே போவதற்கு எட்டு மாதம் முன்பு, அவர் சொல்லி முடித்த பிறகும் அவள் அசையாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். துவளவே இல்லை.

"இன்னொன்னு சொல்லிப் பாருங்க" என்றாள் மனைவி.

சொன்னார். இல்லை. மூன்றாவதில் பாதிக்கு மேல் அவருக்குக் குரல் எழவில்லை. மனைவி அருகில் உட்கார்ந்து மீதியைச் சொல்லி முடித்தாள்.