சுரங்கப்பாதை ஏற்றத்தில் இருபத்தாறு நிமிடங்கள்

நார்வேயின் திராமன் நகரில் நண்பர் வீட்டுப் பொங்கல் விருந்து, ஜனவரிச் சனிக்கிழமை. நாங்கள் குடியிருக்கும் வெஸ்ட்லியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். குளிர் மைனஸ் பதினான்கு டிகிரி. கீழ்வீட்டுக் குகன் அண்ணன் தன் டீசல் வேனில் போவதாகச் சொன்னதும், ஆறு வயது மகள் யாழினியுடன் ஏறிக்கொண்டேன். டீசலுக்கு என் பங்கு 150 குரோனர். யாழினிக்கு வீசிங் உண்டு, அதனால் இன்ஹேலரும் கையில்.

குகன் அண்ணன் சமதளச் சாலையில் போகலாம் என்றார். எந்தச் சாலையில் வண்டி எவ்வளவு புகை விடும் என்று கணக்கிடுவதுதான் எனக்கு இங்கே வேலை. சும்மா இருப்பேனா? மலைச் சுரங்கப்பாதை வழி நான்கு கிலோமீட்டர் குறைவு, புகையும் குறைவு என்று கோயம்புத்தூர்க்காரன் மிடுக்கோடு சாதித்தேன். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

காலை 10.15. சுரங்கத்துக்குள் சிவப்பு விளக்கு, முன்னால் நெரிசல். நாங்கள் நின்றது ஏற்றத்தில். முன்னால் இருந்த லாரிகள் இரண்டடி நகர்வதும் நிற்பதுமாக உறுமின. ஏற்றத்தில் இப்படி நின்று நின்று போகும் லாரிதான் அதிகம் புகை கக்கும். தெரிந்த விஷயம்தான். குழந்தைக்குக் குளிருமே என்று ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். யாழினி இருமினாள். இன்ஹேலரை இரண்டு முறை அடித்தும் நெஞ்சில் விசில் நிற்கவில்லை. இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா இடுக்குகள் உள்வாங்கின.

குகன் அண்ணன் இன்ஜினை அணைத்தார். குளிருமே அண்ணா என்றேன்.

"ஓம், குளிரும். ஆனா நீங்கள் போட்ட ஹீட்டர் வெளிப்புகையையெல்லோ உள்ளுக்கை இழுக்குது. பிள்ளையை என்ரை ஜாக்கெட்டாலை மூடுங்கோ."

ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்வெட்டரோடு இறங்கினார். ஓரமாக நடந்து, லாரி லாரியாகக் கதவைத் தட்டி, வேனுக்குள் ஒரு பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறது என்று நார்வேஜியனில் சொன்னார். உறுமல் ஒவ்வொன்றாக அடங்கியது. அப்போதுதான் அவள் மூச்சின் சத்தம் முழுதாகக் கேட்டது. அதைவிடப் பயங்கரமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

10.41க்கு வழி விட்டார்கள். வெளிக்காற்றில் அவள் இழுத்து ஒரு முழு மூச்சு விட்டதும் அழுதுவிட்டேன். விருந்துக்குப் போகும் முன் மருத்துவரிடம் காட்டினோம். பயமில்லை என்றார். பயம் என்னவோ இன்னும் எனக்குப் போகவில்லை.

நீங்கள் போவதானால் ரயிலில் போங்கள். காரில்தான் என்றால் கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், ஏற்றத்தையும் பாருங்கள். சுரங்கத்தில் நின்றுவிட்டால் முதலில் இன்ஜினை அணையுங்கள். ஒரு போர்வை அவசியம்.

திரும்பும்போது நாங்கள் ரயிலில் வந்தோம். ரயில் மலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் யாழினி மூக்கை இறுகப் பொத்திக்கொண்டாள். இது கரண்டில் ஓடுவது, புகையே கிடையாது, அப்பாவுக்குத் தெரியும் என்றேன். என்னையே பார்த்தாள். கையை எடுக்கவில்லை.