சிவமலரின் வாடகையும் ஒரு மன்னிப்பும்

1. முதல் நாள்

என் முதல் வேலை நாளில் நான் ஏழு மாதக் கர்ப்பிணி. மீசை வைத்த, நாற்பத்தொரு வயதுக் கர்ப்பிணி.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு மகப்பேற்றுக் கிளினிக். தமிழ்ப் பெண் மொழிபெயர்ப்பாளர் எவரும் கிடைக்காததால் என்னை அனுப்பிவிட்டார்கள். அங்கே வந்திருந்த ஏழு மாதக் கர்ப்பிணிப் பிள்ளை, பின்னேரத்தில் தனக்குக் கால் வீங்குகிறது என்று சொல்ல, நான் தொழில்முறைப்படி ஆங்கிலத்தில் "எனக்குக் கால் வீங்குகிறது" என்றேன். நேர்ஸ் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு மூன்று பேருமாகச் சிரித்தோம்.

எங்கள் தொழிலின் முதல் சட்டம் அதுதான். பேசுபவர் "நான்" என்றால் நாங்களும் "நான்". சொன்னதைக் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, புத்திமதி சொல்லக்கூடாது. இருபத்திரண்டு வருடம் அப்படியே செய்தேன். கணவன் அடித்த மனைவியாகவும் இருந்தேன், அடித்த கணவனாகவும் இருந்தேன். இந்தச் சட்டம் ஒருமுறை என்னை நன்றாகத் திணறடித்தது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பெயர், இடம் எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

2. கீபோர்ட் சத்தம்

கடைசி ஆறேழு வருடமும் பெரும்பாலும் போன் வேலைதான். வென்ட்வேர்த்வில்லில் எங்கள் குசினிக்குப் பக்கத்து அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இருப்பேன். நான் கதவைச் சாத்தினால் மனைவி மிக்ஸி போடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் எங்கள் வீட்டில் சம்பல் எத்தனை மணிக்கு என்பதை அரசாங்கம்தான் தீர்மானித்தது.

ஒருநாள் காலையில் அரசாங்க உதவிப்பணம் கொடுக்கும் கந்தோரிலிருந்து ஒரு அழைப்பு. அதே லைனில் சிவமலர் என்ற பெண். ஐம்பத்து நாலு வயது, பிஸ்கட் பக்டரியில் பெட்டி அடுக்கும் வேலை போய்விட்டது, தனி ஆள். பென்டில் ஹில்லில் ஒரு வீட்டின் பின்வளவில் கட்டிய, 'கிரானி பிளாட்' என்கிற ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்.

வேலை இல்லாதவர்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை பணம் வரும். அதற்கு நிபந்தனைகள் உண்டு. வேலை தேடித் தருகிற 'புரொவைடர்' நிறுவனத்தில் குறித்த நேரத்துக்கு முகம் காட்ட வேண்டும், விண்ணப்பங்கள் போட வேண்டும். தவறினால் பேமென்டை 'ஹோல்ட்' பண்ணுவார்கள். தவறியதற்கு ஏற்கத்தக்க காரணம் இல்லையென்றால், கார் ஓட்டுபவர்களுக்கு விழுவதுபோல ஒரு 'டிமெரிட்' விழும். ஐந்து விழுந்தால் விசாரணை. அதிலும் தோற்றால் பிறகு ஒவ்வொரு தவறுக்கும் பணத்தை வெட்டுவார்கள், வெட்டியது திரும்பி வராது.

சிவமலருக்கு அந்தக் கிழமைப் பணம் ஹோல்டில் இருந்தது. அதைவிடப் பெரிய கோபம் ஒன்றும் அவரிடம் இருந்தது.

"வேலைக் காசை நிப்பாட்டினது சரி. வாடகைக் காசை ஏன் நிப்பாட்டினவை? வீட்டுக்காரன் என்ன பிழை செய்தவன்?"

இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்கே அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. கந்தோர்ப் பெண் பொறுமையாக விளக்கினார். வாடகை உதவி தனிப் பணம் இல்லை. அது வேலையில்லாப் பணத்தோடு கொளுவிய ரயில் பெட்டி மாதிரி. எஞ்சின் நின்றால் பெட்டியும் நிற்கும். ஹோல்டை எடுத்தால் எல்லாம் சேர்ந்து பிந்தி வரும். ஆனால் வாடகைத் திகதி பிந்தாது என்பது லைனில் இருந்த மூவருக்குமே தெரிந்திருந்தது.

பிறகு அந்தப் பெண், புரொவைடரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டார்.

"என்ர பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனி இப்பிடி நடக்காது."

அப்படியே சொன்னேன். என் பிழை, மன்னியுங்கள், இனி நடக்காது. இத்தனை வருடத்தில் கீபோர்ட் சத்தத்தை வைத்தே என்ன எழுதுகிறார்கள் என்று ஊகிக்கப் பழகியிருந்தேன். காரணம் சொன்னால் நீளமாகத் தட்டுவார்கள். அன்று கேட்டது நாலைந்து தட்டுத்தான். 'காரணம் இல்லை' என்று பதிந்துவிட்டார்கள். ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குப் பட்டது. ஆனால் நான் வாய் திறக்க முடியாது.

3. நான் செய்த நாடகம்

சிட்னியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய தொகை. ஐந்தாறு கிழமையில் அதே குரல் திரும்பவும் என் ஹெட்செட்டுக்கு வந்தது.

"அண்ணை, போன முறையும் நீங்கள்தானே?"

அதையும் மொழிபெயர்க்க வேண்டும். "அண்ணை, போன முறையும் நீங்கள்தானே?" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இந்த முறை லைனில் இருந்தது ஒரு இளம் அதிகாரி. தான் இல்லையே என்று குழம்பிப்போனான்.

இந்தத் தடவை சிவமலரின் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. ஹோல்ட் விழுந்த இரண்டு தடவையும் வாடகை பிந்தியிருக்கிறது. வீட்டு ஏஜென்ட் கடிதம் போட்டுவிட்டான். பதினாலு நாளுக்கு மேல் பிந்தினால் வெளியேறச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம் என்று அதில் இருந்ததாம். அவருடைய காசுக்கு இன்னொரு கிரானி பிளாட் கிடைக்காது என்பது சிட்னியில் வீடு தேடிய எவருக்கும் தெரியும்.

அதிகாரி கேட்டான், ஏன் போகவில்லை என்று. இந்த முறையாவது காரணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் நேர்ந்துகொண்டேன். அவரோ மறுபடியும், "என்ர பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

அப்போதுதான் நான் ஒரு திருகுதாளம் செய்தேன். சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் அந்த "மன்னியுங்கள்" என்பதைக் குரல் தழுதழுக்க, இடையில் மூச்சு வாங்கி, செத்த வீட்டில் சொல்வதுபோலச் சொன்னேன். இவ்வளவு துக்கத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று அவன் கேட்பான் என்பது என் கணக்கு.

அவன் கேட்டான். "மொழிபெயர்ப்பாளர், உங்களுக்குச் சுகமில்லையா? தண்ணி குடிச்சிட்டு வாறீங்களா?"

வெட்கமாகப் போய்விட்டது. அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஏன் என்று கேட்டாள். அவளுக்கும் சொல்ல முடியாது, அதுவும் ஒரு சட்டம்.

யோசித்துப் பார்த்தேன். சிவமலர் பொய்க்காரி இல்லை, சோம்பேறியும் இல்லை. எங்களை வளர்த்த விதம் அது. பள்ளிக்கூடத்தில் "ஏன் பிந்தினாய்?" என்று தலைமை ஆசிரியர் கேட்டால் "பஸ் வரேல்லை சேர்" என்று சொன்னவனுக்குத்தான் இரண்டாவது அடி விழும், வாய் காட்டினதுக்கு. பெரிய கதிரையில் இருப்பவர் ஏன் என்று கேட்டால் அது கேள்வி இல்லை, குனியச் சொல்லும் கட்டளை. நானே இன்றைக்கும் வங்கிக்காரன் செய்த பிழைக்கு வங்கிக்காரனிடம் 'சொறி' என்று மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் இந்த நாட்டுக் கந்தோர் 'ஏன்' என்று கேட்டால், உண்மையிலேயே ஏன் என்று அறியத்தான் கேட்கிறது. எங்களுடைய மரியாதை அங்கே போய் ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிவாகிறது.

எங்கள் நடத்தைக் கோவையை எடுத்துத் திரும்ப வாசித்தேன். சொல்லால் இல்லாமல் பழக்கத்தால் ஒரு பிழையான விளக்கம் வந்தால், மொழிபெயர்ப்பாளர் பேச்சை நிறுத்தி, இரு பக்கத்துக்கும் அதை அறிவிக்கலாம் என்று இருந்தது. பயிற்சிக் காலத்தில் நானே அதற்கு மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன். ஒருநாளும் பாவிக்கவில்லை.

4. பரமட்டாவில் விசாரணை

ஐந்து டிமெரிட்டும் விழுந்துவிட்டன. நான் இல்லாத அழைப்புகளிலும் அவர் அதே மன்னிப்பைத்தான் கேட்டிருக்க வேண்டும். விசாரணைக்கு நேரில் வரும்படி எனக்குப் புக்கிங் வந்தது. வேறு எவரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெயிட்டிங் ஏரியாவில் சிவமலர் குரலை வைத்து என்னைப் பிடித்துவிட்டார். சின்ன உருவம், மடியில் ஒரு கட்டுக் கடிதம். "நான் உங்களை நல்ல உயரமெண்டு நினைச்சனான்" என்றார். எனக்கும் ஊற்றித் தர, தேத்தண்ணிப் போத்தலைத் திறக்கப் போனார். மொழிபெயர்ப்பாளர் எதையும் வாங்கிக் குடிக்கக்கூடாது என்று சொல்லி, தள்ளிப்போய் இருந்தேன்.

அதிகாரியின் பெயர் பிறென்டன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய மனிதர். அவசரமில்லாதவர். விசாரணையின் முடிவு சாதகமாக இல்லாவிட்டால் அடுத்த தவறிலிருந்து பணம் வெட்டப்படும், வாடகை உதவியும் அதோடு போகும் என்று முதலிலேயே தெளிவாகச் சொன்னார். பிறகு கேட்டார், ஏன் போகவில்லை?

"என்ர பிழைதான், ஐயா."

மொழிபெயர்த்தேன். அவருடைய கை கீபோர்டுக்குப் போனது. நான் என் கையை உயர்த்தினேன். எங்கள் தொழிலில் எனக்காகப் பேசும்போது என்னையே படர்க்கையில்தான் சொல்ல வேண்டும். "மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல விரும்புகிறார்" என்றேன். குரல் நடுங்கியது, இந்த முறை நாடகம் இல்லை. எங்கள் ஆட்கள் பலருக்கு அதிகாரியிடம் காரணம் சொல்வது எதிர்த்துப் பேசுவது மாதிரி, ஆகவே இந்தப் பதில் மரியாதையாக மட்டும் இருக்கலாம், காரணம் உண்டா இல்லையா என்பது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. இவ்வளவுதான் சொன்னேன். உடனே அதையே சிவமலருக்குத் தமிழிலும் சொன்னேன்.

அவருக்கு என்மீது கோபம் வந்துவிட்டது. "பெரியாக்கள் கேக்கேக்க நியாயம் கதைக்கலாமோ, அண்ணை?" அதையும் மொழிபெயர்த்தேன்.

பிறென்டன் கீபோர்டைத் தள்ளி வைத்தார். "சரி, ஏன் எண்டு நான் கேக்கேல்லை. போகாத ஒவ்வொரு நாளும் காலமை எழும்பினதில இருந்து என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ."

அணை உடைந்தது. முதல் நாள் சிக்னல் பழுதாகி ரயில் நடுவழியில் நின்று, இருபது நிமிடம் பிந்திப் போயிருக்கிறார். வரவேற்பில் இருந்தவள் 'வரவில்லை' என்று போட்டாயிற்று என்றதும் சொறி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். இன்னொரு நாள் முன்வீட்டுக் குரோஷியக் கிழவி விழுந்து, அம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். மூன்றாவது நாளின் கதையைக் கேட்டபோதுதான் பிறென்டன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்டைக்குப் பழைய பக்டரியில ஒரு நாள் வேலைக்குக் கூப்பிட்டவை. போனனான்."

"வேலை தேடும் சந்திப்புக்கு, வேலைக்குப் போனதால் வரவில்லையா?"

"ஓம். ஒரு நாள் வேலைதானே, அதைப் போய்ப் பெருமையாச் சொல்லுறதே? சம்பளத்தைக் கந்தோரில பதிஞ்சனான்."

பிறென்டன் திரையைப் பார்த்தார். உண்மைதான், ஒரு பக்கத்தில் அந்த நாள் சம்பளம், இன்னொரு பக்கத்தில் அதே நாளுக்கு 'காரணம் இல்லை'. அவர் கந்தோரின் திரைதான் அது. பிறகு மற்ற இரண்டு நாளும் என்ன நடந்தது என்று கேட்டார்.

"அது மறந்துபோனன். அது உண்மையாவே என்ர பிழைதான்."

பிறென்டன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த மன்னிப்பை அப்படியே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஐந்தில் மூன்று டிமெரிட் அழிக்கப்பட்டது, வெட்டு இல்லை, வாடகை உதவி தொடரும். சிவமலர் கடிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. கண்ணீரை மொழிபெயர்க்கத் தேவையில்லை என்பதால் பேசாமல் இருந்தேன்.

5. நான் படித்தது

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சொல்லைப் பிழையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது பாதி வேலை. சொல் போய்ச் சேர்ந்தும் ஆள் போய்ச் சேராமல் நிற்பதைக் கண்டால் கையை உயர்த்துங்கள். அதற்கு எனக்கு இருபது வருடம் பிடித்தது, உங்களுக்கு அவ்வளவு வேண்டாம்.

நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு அதே குரல் கடைசியாக ஒருமுறை வந்தது. நேற்றுச் சந்திப்புக்கு ஏன் போகவில்லை என்று கந்தோர்ப் பெண் கேட்டார். பழைய மன்னிப்புத்தான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"பிள்ளை, நேற்றுக் காலமை நான் ஐஞ்சரைக்கு எழும்பினனான். தேத்தண்ணி போட்டனான். பிறகு இடியப்பம் அவிச்சனான், ரண்டு தட்டு."

ஒரு இடியப்பமும் குறையாமல் மொழிபெயர்த்தேன். சந்தோசத்தில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கீபோர்ட் சத்தம் மழை மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தது. முன்வீட்டுக் கிழவிக்கு மருந்து வாங்கி, பல்லுக்கொதி தாங்காமல் டென்டிஸ்டிடம் ஓடியதுவரை கதை வந்தபோது கந்தோர்ப் பெண் இடைமறித்து, அது போதும், பேமென்டை ஹோல்ட் பண்ணவில்லை என்றார்.

"பொறுங்கோ பிள்ளை," என்றார் சிவமலர். "நான் இன்னும் பஸ் ஏறவேயில்லை."