எண்பத்திரண்டாவது ஸ்க்ரூ

போன சனிக்கிழமை மத்தியானம் ஒரு ஸ்க்ரூவைக் கீழே போட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

கார் வேலை பார்க்கிறவன் ஸ்க்ரூவைக் கீழே போடுவதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். காரில் போட்டிருந்தால் விஷயமில்லை. நான் போட்டது விமானத்தில்.

நீலசந்திராவில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருப்பது இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். கார் சீட், டேஷ்போர்டு, கதவின் உள்பக்க பிளாஸ்டிக் என்று வண்டிக்குள்ளே கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் புதுசாக்கித் தருவேன். அப்படி என்னிடம் கார் கொடுத்த ஒருவர், சொந்தமாக ஒரு சின்ன விமானம் வைத்திருக்கிறார். நாலு சீட். முன்னால் ஒரு விசிறி. பழசு. வாங்கின கையோடு, அது நிற்கிற விமானத் தளத்துக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

உள்ளே பார்த்தால் பாவமாக இருந்தது. ஜன்னலைச் சுற்றி, கதவில், பக்கவாட்டில் எல்லாம் பிளாஸ்டிக் பேனல். வெயிலில் காய்ந்து பீடி குடிக்கிறவன் பல் மாதிரி மஞ்சள் தட்டிப் போயிருந்தது. விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி ஒடிகிறது.

"பண்ணிரலாம் சார்" என்றேன். விமானம் என்றால் என்ன, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தானே?

அந்தத் தளத்தில் விமானங்களுக்குப் பொறுப்பான இன்ஜினியர் சவிதா மேடம். கன்னடக்காரர். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. முதல் நாளே ஒரு அட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அட்டையில் ஒவ்வொரு பேனலையும் படமாக வரைந்திருந்தார். எந்த ஸ்க்ரூவை எந்த ஓட்டையிலிருந்து கழற்றுகிறோமோ, அதைப் படத்தில் அதே இடத்தில் குத்திவைக்க வேண்டும். மொத்தம் எண்பத்திரண்டு.

"ஒந்து கூட மிஸ் ஆகக் கூடாது சார். கீழ ஃப்ளோருக்கு அடியில கேபிள் ஓடுது, வால் வரைக்கும். ஸ்க்ரூ போயி அந்தக் கேபிள் ஓடுற உருளையில மாட்டுச்சுன்னா... மேல இருக்கறப்ப ஸ்டியரிங் இழுத்தா வராது."

"நம்ம ஊர்ல பாதி பஸ் நட்டு இல்லாமத்தான் ஓடுது மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஜெசிந்தாவும் சிரிக்கவில்லை.

ஜெசிந்தா என்னோடு பதினாறு வருடமாக வேலை செய்கிறவர். காக்ஸ் டவுன்காரர். ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் முழுக்க அவர் கையில்தான். நான் ஊரைத் திட்டிக்கொண்டே செய்கிற வேலையை அவர் சர்ச் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே செய்வார். என்னுடையதைவிட அவருடைய வேலை சுத்தமாக இருக்கும்.

பேனல்களை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து சோப்புப் போட்டுக் கழுவினோம். விரிசல்களுக்குப் பின்பக்கம் துணி வைத்து ரெசின் பூசி ஒட்டினோம். தேய்த்தோம். மறுபடி தேய்த்தோம். தீப்பிடிக்காத வகை பெயின்ட், மேடமே கொடுத்தது. ஜெசிந்தா மூன்று கை அடித்தார். காய்ந்ததும் பார்த்தால் ஷோரூமிலிருந்து வந்தது போல இருந்தது. வெண்ணெய் நிறம். எனக்கே கர்வம் வந்துவிட்டது.

சனிக்கிழமை திரும்ப மாட்டினோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஓனர் தன் மகளை முதல் தடவையாக ஏற்றிக்கொண்டு பறக்கப் போகிறார். அந்தப் பெண் ஒரு மாதமாக நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறாளாம்.

எண்பத்தொன்று மாட்டியாகிவிட்டது. கடைசிப் பேனல், பின்சீட்டுக்குப் பக்கத்தில். ஜெசிந்தா இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்திருந்தார். நான் கடைசி ஸ்க்ரூவை எடுத்தேன். வேர்வைக் கை. நழுவியது. 'டிக்.'

தேடினேன். டார்ச் அடித்தேன். சீட்டுக்கு அடியில், ஓரத்தில், மடிப்பில்... இல்லை. மேடம் ஏதோ போன் பேச வெளியே போயிருந்தார். எந்த நிமிஷமும் திரும்பி வருவார்.

இப்போது எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் ஒரு டப்பா உண்டு. வண்டியைப் பூட்டி முடித்ததும் ஸ்க்ரூ மிஞ்சினால் டப்பாவுக்குப் போகும். குறைந்தால் டப்பாவிலிருந்து வரும். முப்பது வருடமாக என் பையில் அந்த டப்பா இருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

டப்பாவைத் திறந்தேன். கிட்டத்தட்ட அதே அளவில் ஒன்று கிடைத்தது. தலை கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. சீட்டு மறைக்கிற ஓட்டை, யார் பார்க்கப் போகிறார்கள்? முறுக்கிவிட்டேன்.

மேடம் வந்தார். அட்டையைப் பார்த்தார், காலி. பேனல்களைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக விரலால் தொட்டு எண்ணினார். எண்பத்திரண்டு.

"வெளியாளுங்க பண்ணி முதல் தடவையே லெக்க சரியா வந்தது இதுதான் சார்" என்று கை கொடுத்தார்.

நான் கையைக் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன்.

திரும்பி வரும்போது வேனில் ஜெசிந்தா பாட்டை முணுமுணுக்கவில்லை. அல்சூர் ஏரி வந்தபோது கேட்டார்.

"அண்ணா, அது டப்பா ஸ்க்ரூதானே?"

"தேடினேன்ல? வெளியதான் வுழுந்திருக்கும்."

"உள்ளதான் வுழுந்துச்சு. எனக்கு கேட்டுச்சு. உனக்கும் கேட்டுச்சு."

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற? திரும்பப் போயி எல்லாத்தையும் பிரிக்கச் சொல்றியா? என் மானம் போகும்."

"நாளைக்கு அந்தப் பொண்ணு ஏறுதுண்ணா."

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

"திங்கக்கெழம உனக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா?"

பதினாறு வருடத்தில் அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தை. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வண்டிய ஓரங்கட்டு. நான் இங்கயே எறங்கிக்கறேன்."

டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் என்ன எழுதினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? மூடாமல் விட்டுப்போன சாக்கடைக் குழியில் ஒருவர் ஸ்கூட்டரோடு விழுந்தார். 'மூடினேன் என்று கையெழுத்துப் போட்டவனைக் கொண்டுவந்து அதே குழிக்குப் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டும்' என்று எழுதினேன். நிறைய பேர் போன் போட்டுப் பாராட்டினீர்கள். 'உங்க கோபம்தான் சார் எங்களுக்குப் பிடிக்கும்' என்றீர்கள்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. போனைக் கையில் எடுப்பேன். மேடம் நம்பரைப் பார்ப்பேன். கீழே வைப்பேன். ஊரில் இருக்கிற எல்லாரையும் கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்கு ஒரே ஒரு போன் போடத் தெரியவில்லை. பயம் இல்லை. வெட்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆறு பத்துக்குத் தளத்தின் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கேட்டுக்கு வெளியே, டீ வண்டிக்குப் பக்கத்தில் ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தார். சர்ச்சுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவை.

"எப்ப வந்த?"

"அஞ்சே முக்காலுக்கு."

"உள்ள போயி சொல்லியாச்சா?"

"இல்ல. செக்யூரிட்டி கேட்டாரு. எங்க அண்ணன் வந்துட்டிருக்காரு, சேந்து போறோம்னு சொன்னேன்."

"நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆறேகால் வரைக்கும் பாக்கலாம்னு நின்னேன். அதுக்கு மேல நின்னிருக்க மாட்டேன்."

ஐந்து நிமிஷம். என் மானத்துக்கு அவர் வைத்திருந்த பாக்கி ஐந்து நிமிஷம்.

உள்ளே போய்ச் சொன்னேன். சவிதா மேடம் திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த ஹோல் சார்?" காட்டினேன். விமானத்தின் சாவியை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்த ஓனரின் மகள், அப்பா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

சீட்டுகளைக் கழற்றினோம். பேனலைக் கழற்றினோம். கீழ்த்தளத்தின் மூடிகளைத் திறந்தோம். காந்தம் போட்டுப் பார்க்கலாமே என்றேன். அந்த ஸ்க்ரூ காந்தத்தில் ஒட்டாத வகையாம். கம்பி நுனியில் கட்டிய சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு விட்டுத் தேடினார் மேடம். பதினொன்றரை மணிக்கு, "சிக்கித்து" என்றார். கிடைத்துவிட்டது.

கேபிள் ஓடும் உருளைக்குப் பக்கத்தில் கிடந்தது. எவ்வளவு பக்கத்தில் என்று நான் கேட்கவில்லை. அவரே நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பத்தியை நான் எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அசிங்கம் அதற்கப்புறம்தான்.

ஓனர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்களா வந்து சொன்னீங்க பாருங்க சார்... எவன் சொல்வான் இந்தக் காலத்துல?" என்றார். கண் கலங்கியிருந்தது. மேடமும் தலையாட்டினார்.

ஜெசிந்தா பக்கத்தில்தான் நின்றார். வெள்ளைப் புடவை முழுக்கத் தூசி.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். 'எனக்கு முன்னால் வந்தது இவர். இவரை நேற்று நான் மிரட்டினேன்.' இவ்வளவுதானே? எத்தனை வினாடி ஆகும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கடமைதானே சார்."

ஜெசிந்தா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கீழே கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பெயின்ட் கலக்கினார். பாட்டு மட்டும் இல்லை. கத்துவதற்கு எனக்கு ஆயிரம் வார்த்தை வரும். மன்னிப்புக் கேட்க ஒன்றுகூட வரவில்லை. சாயந்தரம், "அன்னிக்கு வேன்ல சொன்னது தப்பு" என்றேன். "ம்" என்றார்.

பத்திரிகையில் எழுதிவிடுகிறேன் என்றேன். அதற்குத்தான் வாயைத் திறந்தார்.

"சவிதா மேடத்துக்குத் தமிழ் படிக்க வராது. அந்த சாருக்கும் வராது. நீ தமிழ்ல எழுதி யார்கிட்டண்ணா சொல்லப் போற?"

பிடித்துவிட்டார் பாருங்கள். உங்களிடம் ஒப்புக்கொண்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்திருக்கிறேன்!

அங்கேயே, அவர் எதிரிலேயே, மேடத்துக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, வேன், மிரட்டல், கேட்டுக்கு வெளியே நின்ற அரை மணி நேரம், எல்லாம். அந்தப் பக்கம் மேடம் கடைசிவரை கேட்டார். பிறகு, "அவங்க நம்பர் கொடுங்க சார்" என்றார்.

கொடுத்தேன்.

அங்கே இன்னொரு விமானத்துக்கும் இதே வேலை இருக்கிறதாம். ஜெசிந்தாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெசிந்தாவை மட்டும். நேற்று ஒரு கார்க் கதவின் பேனலைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"பேனலப் புடிக்க ஒரு ஆள் வேணும். வேணும்னா நீயும் வாண்ணா. டப்பாவ மட்டும் வூட்ல வெச்சுட்டு வா."