பாதி டிஸ்க்கும் என் கையெழுத்தும்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்த கோபம் வேறு மாதிரி. அது வந்தது என்மேலேயே.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையின் இரண்டாவது மாடியில் எங்கள் சோதனைக்கூடம். அங்கே நான் கெர்னல் பார்க்கிறவள். கெர்னல் என்பது கணினியின் அடியில் ஓடும் ஆதார நிரல். நாங்கள் பார்க்கும் கெர்னலுக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அதற்கு ஒரு திருத்தம் எழுதி, எல்லாரும் படிக்கும் மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்பலாம். மற்றவர்கள் படித்துக் குறை சொல்வார்கள். குறை இல்லை என்று ஒருவருக்குத் தோன்றினால் "படித்துப் பார்த்தேன்" என்று ஒரு வரி எழுதிப் பக்கத்தில் தன் பெயரைப் போடுவார். அந்த வரி திருத்தத்தோடு சேர்ந்து கெர்னலின் வரலாற்றுக்குள் போய்விடும். நாளைக்கு அதனால் யாருடைய தரவாவது காணாமல் போனால், எழுதினவரைக் கேட்பதோடு, பார்த்தேன் என்று சொன்னவரையும் கேட்பார்கள்.

நான் பார்ப்பது சோன் டிஸ்க். சாதாரண டிஸ்க்கில் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம், நடுவில் திருத்தலாம். இதில் முடியாது. டிஸ்க் முழுவதும் பெரிய பெரிய சோன்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு சோனிலும் முதலிலிருந்து வரிசையாகத்தான் எழுத வேண்டும். எழுதியதை மாற்ற வேண்டுமென்றால் அந்த சோன் முழுவதையும் அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். கெர்னலில் மேப்பர் என்று ஓர் அடுக்கு உண்டு. ஒரு டிஸ்க்கில் பாதியை மட்டும் எடுத்து, "இதுதான் முழு டிஸ்க்" என்று மேலே உள்ள நிரலிடம் அது காட்டும். மேலே இருப்பதற்குத் தான் பாதியில் குடியிருக்கிறோம் என்பதே தெரியாது.

ஐரோப்பாவிலிருந்து ஒருவர் இந்த மேப்பருக்கு ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். சோன்களை ஒவ்வொன்றாக அழித்தால் நேரமாகிறது. "எல்லாவற்றையும் அழி" என்று ஒரே கட்டளையை டிஸ்க்குக்கு அனுப்பிவிடலாம் என்றார். சில வரிகள்தான், பார்க்கவே அழகாக இருந்தது. இரண்டு வாரம் சோதித்தேன். பறந்தது! அதுவரை நான் குறை சொல்லித்தான் கடிதம் எழுதியிருக்கிறேன், பெயர் போட்டதில்லை. முதல்முறையாக அந்த வரியைப் போட்டேன். ஆபீஸ் மின்னஞ்சலில் என் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கும்: என் பெயர், நடுவில் 'இன்னாரின் மகள்' என்பதற்கான மலாய்ச் சுருக்கம், பிறகு அப்பாவின் பெயர். அந்தப் பகுதியைப் பராமரிக்கிறவர், யார் பெயர் போட்டாலும் லேசில் பேசாத மனிதர், "நன்றி, திங்கட்கிழமை கெர்னலில் சேர்க்க மேலே அனுப்புகிறேன்" என்று பதில் போட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அப்பா முப்பது வருடம் பிறையில் லாரி ஓட்டியவர். கணினி என்றால் பக்கத்திலேயே வரமாட்டார். ஆனால் திரையில் தன் பெயரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். நாங்கள் குடியிருக்கும் டத்தோ கிராமாட்டில் எங்கள் தெருமுனையில் இருக்கும் கோப்பிக் கடையில் அன்றைக்கே தண்டோரா போட்டுவிட்டார். "உலகம் பூரா இருக்கிற கம்ப்யூட்டர்ல என் பேரு இருக்கு" என்று. என் பெயரைச் சொன்னாரா என்றே எனக்குச் சந்தேகம்.

அந்த வாரம்தான் எங்களிடம் இருந்த மூன்று சோன் டிஸ்க்கில் இரண்டை வேறு குழு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் ஒன்று. எனக்கும் வேண்டும், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வரும் என் கூட்டாளிக்கும் வேண்டும். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு கடைசியில் மேப்பரால் அதை இரண்டாகப் பிரித்தோம். முன்பாதி எனக்கு, பின்பாதி அவளுக்கு.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக விடும் நீண்ட மத்தியான இடைவேளை முடிந்து வந்த கூட்டாளி திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"அலாமாக்! அக்கா, என் டேட்டா எங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"மூணு நாளா எழுதினது லா! எல்லா சோனும் காலியா இருக்கு!"

"நான் என் பாதியத்தான் அழிச்சேன். உன் பக்கம் கையே வைக்கலடி."

"அப்ப ஹந்து வந்து அழிச்சிச்சா?"

பேய்மேல் பழி போடும் அளவுக்கு அவளுக்கு ஆத்திரம். எனக்கும்தான். "பிரிக்கும்போது நீதான் எல்லையைத் தப்பாப் போட்டிருப்பே" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தேன், அவள் தப்பைக் காட்டி வாயை அடைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு. எல்லை சரியாக இருந்தது. இரண்டாம் முறை பார்த்தேன். அப்போதும் சரிதான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அந்த டிஸ்க் மாட்டியிருந்த என் கணினியில் எந்தத் திருத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. நான் பெயர் போட்ட அதே திருத்தம்.

திருத்தத்தைத் திறந்து மறுபடி படித்தேன். "எல்லாவற்றையும் அழி" என்ற கட்டளையில் எங்கேயிருந்து எதுவரை என்ற விவரம் கிடையாது. மேப்பர் அதை அப்படியே கீழே தள்ளிவிடுகிறது. கீழே இருக்கும் டிஸ்க்குக்குப் பாதி, பங்கு எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான். நான் என் வீட்டைக் கழுவ, பக்கத்து வீட்டுச் சாமானும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

இரண்டு வாரச் சோதனையில் இது ஏன் தெரியவில்லை? ஒவ்வொரு தடவையும் நான் முழு டிஸ்க்கை மேப் செய்துதான் சோதித்தேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற சோம்பேறித்தனம் இது. முழு டிஸ்க் என்றால் தொடக்கம் பூஜ்யம், எல்லைக் கணக்கே வேண்டாம். பாதி என்றால் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். எழுதினவரும் முழு டிஸ்க்கில்தான் சோதித்திருப்பார். ஆனால் அவர் எழுதினவர். பார்த்தேன் என்று சொன்னவள் நான். திங்கட்கிழமை அது என் வார்த்தையை நம்பி மேலே போகப் போகிறது. அதற்குப் பிறகு எங்கேயோ யாரோ தன் பாதியை அழிக்க, இன்னொருவரின் பாதி போய்ச் சேரும்.

கூட்டாளியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சாரி சொல்றத ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கணும் அக்கா" என்றாள். நான் ஒரு சிறு சோதனை நிரல் எழுத, அன்று சாயங்காலம் வரை இருவரும் சேர்ந்து டிஸ்க்கில் எழுதுவதும் அழிப்பதுமாக உறுதி செய்துகொண்டோம். ஓட்டிய மூன்று தடவையும் பின்பாதி காலியானது.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பட்டியலில் அனுப்பிய கடிதத்தை அழிக்க முடியாது. எல்லாரும் என்றைக்கும் படிக்கலாம். அதற்குப் பின்னால் இன்னொன்று எழுதலாம், அவ்வளவுதான். அப்பா கோப்பியோடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"போட்ட கையெழுத்த வாபஸ் வாங்குறேன்ப்பா. சரியாப் பாக்காமப் போட்டுட்டேன்."

"எழுதுனது வேற ஆளுதானே? அவன் தப்புக்கு நீ ஏன் தலையக் குடுக்கிற?"

"பாத்தேன்னு சொன்னது நான்தானே!"

"கம்முனு இரு லா. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதுல்ல!" மேசை அதிர்ந்து கோப்பி தளும்பியது. குரல் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

அப்பா மேசையில் சிந்தியதைத் துண்டால் துடைத்தார். பிறகு மெல்ல, "கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்மா" என்றார். அதற்கும் பிறகு, "சரி, உன் பேர எடுத்துக்க. என் பேர மட்டும் விட்டுடேன்" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்துவிட்டு எழுதினேன். 'என் வரியைத் திரும்பப் பெறுகிறேன். முழு டிஸ்க்கில் மட்டும் சோதித்தேன். அது என் தவறு. பாதியை மேப் செய்தால் இந்தத் திருத்தம் மறுபாதியையும் அழிக்கும். சோதனை நிரலை இத்துடன் இணைத்துள்ளேன். தயவுசெய்து இதை மேலே அனுப்ப வேண்டாம்.' சப்பைக்கட்டு ஒரு சொல்லும் இல்லை. அனுப்பினேன்.

பராமரிக்கிறவரிடமிருந்து இரண்டே சொல்லில் பதில்: "நன்றி. நீக்கிவிட்டேன்." அவ்வளவுதான். திட்டியிருந்தாலும் தேவலை என்று தோன்றியது. இனி என் பெயரை எவன் மதிப்பான் என்று அந்த வாரம் முழுவதும் கடுகடுவென்று இருந்தேன். அப்பா கோப்பிக் கடைப் பக்கம் போகவில்லை. கால்வலி என்றார்.

அடுத்த வாரம் ஐரோப்பாக்காரர் புதிய பதிப்பை அனுப்பினார். மேப் முழு டிஸ்க்கையும் பிடித்திருந்தால் மட்டும் ஒரே கட்டளை, இல்லாவிட்டால் பழையபடி ஒவ்வொரு சோனாக. என் சோதனை நிரலையும் கெர்னலின் நிரந்தரச் சோதனைகளோடு சேர்த்திருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் யாரோ ஒருவர், இப்போது சரியாகிவிட்டதே, உடனே எடுத்துக்கொள்ளலாமே என்று எழுதினார். அதற்குக் கீழே, பராமரிக்கிற அந்தப் பேசாத மனிதர் ஒரு வரி எழுதியிருந்தார்: "பினாங்கிலிருந்து அவர் பார்க்கும் வரை எடுக்க மாட்டேன்."

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். துப்புரவு செய்ய வந்த அம்மாவிடம்கூடக் காட்டினேன். பெருமையா என்றால், ஆமாம், பெருமைதான். நான் பார்க்கும் வரை உலகம் காத்திருந்தது! நான்கு நாள் காக்க வைத்தேன். அதற்குப் பிறகுதான் என் வரியைப் போட்டேன். திருத்தம் உள்ளே போனது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தேடித் தன் பெயரைக் கண்டுபிடித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. முழுசாப் பாத்தேன், முன்பாதி, பின்பாதி, நடுவுல ஒரு துண்டு, எல்லாம் பாத்தேன்."

இன்னொரு முறை அந்த வரியைப் பார்த்தார். பிறகு எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கோப்பிக் கடைப் பக்கம் திரும்பினார்.

"அப்ப என் பேரு இருக்கட்டும்" என்றார்.