சுவாதிக்கு வெயில் போதவில்லை

அமராவதி வாழ்க்கைப்பட்டது கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில். கணவன் பஞ்சநாதன் சொந்தத் தாய்மாமன் மகன். அவர்கள் மகள் சுவாதிக்கு இரண்டு வயதாகியும் நிற்க முடியவில்லை. பிடித்து நிறுத்தினால் கால்கள் வில்லாக வளைந்தன.

"புள்ளைய ஊட்டுக்குள்ளயே பூட்டி வெச்சா இப்படித்தான் ஆவும்" என்றாள் மாமியார் செல்லாயி. ஊரும் அதையே சொன்னது. அமராவதி தினமும் காலையில் குழந்தையோடு மணலில் போய் உட்கார்ந்தாள். இருவரும் கறுத்ததுதான் மிச்சம். கடலூரில் ஒரு டாக்டர் இரண்டு தடவை வைட்டமின் டி ஊசி போட்டுப் பார்த்தார். "வெயில்ல காட்டுறியா, இல்லியா?" என்று அவரும் அவளைத்தான் கேட்டார். குழாயடியில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றுபோகும். தான் எங்கே தவறினோம் என்று அவளே தேட ஆரம்பித்துவிட்டாள்.

2007இல் சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வெயில்ல உண்டாகுற வைட்டமின் டி அப்படியே வேலை செய்யாதும்மா. கல்லீரல்ல ஒருவாட்டி மாறும். அப்புறம் கிட்னி செல்லு அத உள்ள இழுத்து இன்னொருவாட்டி மாத்தணும். அப்பதான் சாப்பாட்டுல இருக்குற கால்சியம் ஒடம்புல சேரும். ஒங்க பொண்ணு கிட்னிக்கு அந்தக் கடைசி வேலை செய்ய வரல. பொறவிக் கோளாறு. அப்பா, அம்மா ரெண்டு பேருகிட்டேருந்தும் வர்றது."

"அப்போ நான் வெயில்ல வெக்காததால இல்லியா?"

"இல்லம்மா."

அமராவதி அங்கேயே அழுதாள்.

கிட்னி செய்யவேண்டிய அந்தக் கடைசி மாற்றத்தை முன்பே செய்து தயாரித்த மாத்திரை ஒன்று இருந்தது. சில மாதங்களில் சுவாதி நடந்தாள். ஆனால் மாத்திரையை நிறுத்தவே கூடாது. அது கடலூரில் ஒரே கடையில்தான் கிடைத்தது. தாய் வீட்டுக்குப் போனாலும் அமராவதி நெடுநாள் தங்குவதில்லை.

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்தது. கூரை பறந்தது, மரங்கள் சாய்ந்து ரோடு அடைபட்டது. மாத்திரை தீர்ந்துவிட்டது.

"ரெண்டு நாளு போடலன்னா என்னா?" என்றான் பஞ்சநாதன்.

முன்பு ஒருமுறை மாத்திரை தவறியபோது கால்சியம் குறைந்து சுவாதியின் விரல்கள் முறுக்கிக்கொண்டதை அமராவதி பார்த்திருக்கிறாள். விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டிக் கடலூருக்கு நடந்தாள். கடை பூட்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு கடைக்காரர் வீட்டுக்கே போனாள். அவர் வந்து கடையைத் திறந்து, நனையாமல் கிடந்த ஒரே அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"அடுத்தது எப்ப வரும்னு தெரியாதும்மா."

அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள்.