பூஜை நாளில் வைத்த தேர்வு

இரும்புத் தகட்டை வெட்டி வளைக்கும் பவர் பிரஸ்ஸின் நெற்றியில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து முடித்த அந்த மத்தியானத்தில், அதே இயந்திரத்தை ஓட்டிக் காட்டும்படி ஒருவருக்குத் தேர்வு வைத்தேன். அவர் ஓட்ட மாட்டார் என்று தெரிந்தேதான் வைத்தேன். 1991-ஆம் ஆண்டு ஆயுத பூஜை அது. நான் செய்த தவறுகளில், தவறு என்று தெரிந்து நிதானமாகத் திட்டமிட்டுச் செய்தது இது ஒன்றுதான்.

மண்ணூருக்குப் பக்கத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் ஆள் சேர்ப்பு, பதவி உயர்வு எல்லாம் பார்க்கும் பர்சனல் ஆபீசர், எம்.ஏ. படித்தவன். அவர் பிரஸ் ஆபரேட்டர், பிள்ளைப்பாக்கத்துக்காரர், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வெளிநாட்டுக் கம்பெனிகள் வரப்போகின்றன, இனிமேல் சர்டிபிகேட் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று கேன்டீனில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். இனி டிப்ளமோ இல்லாதவர்களைச் சூப்பர்வைசர் ஆக்குவதில்லை என்று எங்கள் நிர்வாகமும் முடிவெடுத்துவிட்டது. அதற்கு முன் காலியான ஓர் இடத்துக்கு மட்டும் படிப்பைப் பார்க்க வேண்டாம், பிரஸ்ஸின் ‘டை’ எனும் அச்சை மாற்றிப் பொருத்தி நன்றாக ஓட்டிக் காட்டுபவருக்கே கொடுக்கலாம் என்றார்கள். அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. போட்டிக்கு நின்ற இன்னொருவன் என் மனைவியின் தம்பி, டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்ந்தவன். அந்த வேலை அவனுக்குத்தான் என்று மாமனார் வீட்டில் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தேர்வு நாளைக் குறிக்கும் பொறுப்பும் என்னிடமே இருந்தது.

பூஜை போட்ட இயந்திரத்தை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். நான் அறியாதவன் அல்ல. அன்று காலை என் வீட்டுப் புத்தகங்களையெல்லாம் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிவிட்டு, செய்தித்தாளைக்கூடப் பிரிக்காமல் கிளம்பி வந்தவன் நான்.

ஆபரேட்டர் இயந்திரத்தின் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “பொட்டு வெச்சு ஓய்வு குடுத்தாச்சு சார். நாளைக்குக் காலையில வெச்சுக்கினா நானே எழுப்பி ஓட்டறேன்” என்றார். இன்றே முடித்தாக வேண்டும், மேலிடத்து உத்தரவு என்று பொய் சொன்னேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். “அப்ப தம்பியே பண்ணட்டும் சார்” என்று நகர்ந்துகொண்டார். என் மைத்துனன் தயங்கினான், நான் தலையசைத்தேன். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டான். மறுநாள் காலை ஆபரேட்டர் வழக்கம்போல இயந்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். எனக்கும் வணக்கம் சொன்னார். ஓய்வு பெறும் வரை ஆபரேட்டராகவே இருந்தார். என் மைத்துனன் நல்ல சூப்பர்வைசராகத்தான் இருந்தான். அதனால் யாரும் எதையும் கேட்கவில்லை.

நானும் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, இதைச் சொல்லாமல் செத்துவிடுவேனோ என்ற பயம் வந்ததும் அவர் வீட்டைத் தேடிப் போனேன். சொல்லி முடித்தேன். அவர் சிரித்தார். “அன்னிக்கே தெரியும் சார்.” ஆனால் காபி கொண்டுவந்த அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கவில்லை.

“இன்னா சொல்றீங்க? வேணும்னே பண்ணீங்களா?” டம்ளரை ஓசையோடு கீழே வைத்தார். “ஒரு சுவிட்சு போட்டா இன்னா கெட்டுப்பூடும்னு இந்த மனுசன எத்தினி வருசம் திட்டிகினு கீறேன் தெரியுமா? எங்க அண்ணனுங்க இந்த வூட்டுக்கு வரச்சொல்லோ எல்லாம் ‘கற்பூரம் காட்டி வேலையக் கோட்டை வுட்டவரு’ன்னு கிண்டல் பண்ணுவாங்க. படிச்ச மனுசன் பண்ற வேலையா இது?” பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “நீ ஏன்யா வாயத் தொறக்கல?”

என்ன செய்தால் தகும் என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். “எங்கிட்ட சொன்னா பத்தாது. எங்க அண்ணனுங்க எதிர்ல சொல்லுங்க” என்றார்.

பேத்தியின் காதுகுத்துக்குக் கூப்பிட்டார்கள். போனேன். பந்திக்கு முன், உறவினர்கள் எல்லோரும் கூடியிருந்த பந்தலில் எழுந்து நின்று, இங்கே எழுதியிருப்பதை அப்படியே சொன்னேன். அந்த அம்மாவின் மூத்த அண்ணன் ஆபரேட்டர் பக்கம் திரும்பிக் கேட்டார்: “ஏன் மச்சான், அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப? கம்பெனி கேட்டாண்ட வந்து சாரை அடிச்சிருப்ப. இருந்த வேலையும் பூட்டிருக்கும்.”

பந்தலே சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டு, நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டு மச்சானைக் கைபிடித்து உட்கார வைத்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பரிமாறவும் வரவில்லை. வேறு யாரோ பரிமாறினார்கள். அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆபரேட்டர் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். பொரியும் கடலையும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து கட்டிய பை ஒன்றை என் கையில் கொடுத்தார்.

“உங்க மேல எங்க வூட்டம்மாவுக்குக் கோவம் இன்னும் தீரல சார்” என்றார். “ஆனா ‘உன் ஆபீசர் பங்கு இது’ன்னு அதுவேதான் எடுத்து வெச்சுது.”

இருவரும் உட்கார்ந்து, பேசிக்கொண்டே பையைக் காலி செய்தோம்.